நம் வீட்டுக்குப் போடாத கறிக்கூறு

விளாங்குடி, மதுரை
22.02.2026

அன்பு மகள் முத்துச்செல்விக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். என் நலத்தை என்னைவிட நீயே நன்கறிந்தவளாக நடந்துகொள்வதால் அதை விரித்து எழுதவில்லை. மெல்போர்னில் நீ நலமாயிருக்க வேண்டும். முதலில் என் முறையீடுகள்:

1. 01.02 – என் சிறுநீரகம் பழுதென்று கேள்விப்பட்டு, அதைத் தேற்றப் புரதப் பொடி டப்பா அனுப்பினாய்.
2. 08.02 – கோரிப்பாளையத்தில் கறிக்கடை வைத்திருக்கும் சாகுல் பாய்க்குப் போன் செய்து, எனக்குக் கறி தரக் கூடாதென்றாய்.
3. 17.02 – சிவராத்திரிக் கிடாவெட்டில் நம் வீட்டுக்குக் கூறு வேண்டாமென்று அழகுபாண்டி சித்தப்பாவிடம் சொல்லிவைத்தாய்.

டப்பாவை டாக்டரிடம் காட்டினேன். உங்களுக்கு ஆகாதவுக யாரும் அனுப்புனாங்களா சார் என்றார். மகள் என்றேன், டப்பாவை மூடி என் பக்கமே தள்ளிவைத்தார். புரதம் மிகுந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை, ஆகவே கறியை விடுங்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தவள் நீ. அதே புரதத்தைப் பொடியாக்கி, வெனிலா மணம் சேர்த்து விமானத்தில் ஏற்றியவளும் நீ. வேதியியல் கற்பித்தே தலை நரைத்தவன் நான், எனக்கே இது எட்டவில்லை. டாக்டர் வகுத்தது இதுதான்: வாரத்தில் ஒரு நாள் கொழுப்பில்லாத இரண்டு சிறு துண்டு, உப்புக் குறைவாக, அன்று பருப்பும் முட்டையும் இல்லை, எலும்புச் சூப்பும் ஈரலும் என்றைக்குமே இல்லை. உனக்கும் எழுதியிருந்தேன். அதில் கறி என்ற சொல்லை மட்டும் படித்திருக்கிறாய்.

சாகுல் பாய் கடை நிறைய ஆளிருக்க, பாப்பா அங்கிட்டிருந்து அழுகுது சார், உங்களுக்கு வெட்டிக் குடுத்துட்டு அந்தப் பாவத்த நான் சுமக்கவா, கீரை வாங்கிட்டுப் போங்க என்றார். அது கடை, பொறுத்துக்கொண்டேன். குலசாமி கோயிலில் நடந்ததைப் பொறுக்க முடியாது. கறியைக் கூறு போட்டு, ஒவ்வொரு தலைக்கட்டாகப் பெயர் சொல்லி வீட்டுக்கு வீடு கொடுப்பதை நீ பார்த்து வளர்ந்தவள். பெயர் சொல்லாத வீடு விலக்கிவைத்த வீடு என்பதும் உனக்குத் தெரியும். பங்காளி காசிமாயன் பெயர் வந்தது. அடுத்து வரவேண்டிய என் பெயரைத் தாண்டிப் போனார்கள். தூக்குவாளியோடு நின்றேன். முருகம்மாள் மதினி ஊருக்கே கேட்கும்படி, ஏப்பா, கொழுந்தனார விலக்கிட்டீகளா, அம்புட்டுக் குத்தம் என்ன செஞ்சாரு என்றாள். அழகுபாண்டி தரையைப் பார்த்தபடி, பாப்பாதாண்ணே வேணாம்னுச்சு, படிச்ச புள்ள சொல்லுதேன்னு விட்டுட்டேன் என்றான். அதற்குள் நான்கு கதை கிளம்பிவிட்டது. அந்த இரண்டு துண்டுகூட எனக்குப் பெரிதில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் கூறை வாங்கி அங்கேயே மதினிக்குக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

பங்குனியில் காசிமாயன் பேரனுக்கு முடியிறக்கிக் கிடா வெட்டுகிறார்கள். அதற்குள் அழகுபாண்டிக்கு உன் கைப்பட எழுது: தவறு உன்னுடையது, நம் வீட்டுப் பெயர் வழக்கமான இடத்தில் வழக்கம்போல் சொல்லப்பட வேண்டும். அதையே எனக்கும் எழுது. குரல் பதிவும் கண்ணீர் விடும் பொம்மையும் ஏற்கப்படா.

எந்தக் குறையும் அண்டாமல் நீ வாழ வேண்டும். இந்தக் கோபத்திலும் அதில் மாற்றமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். உன் உடம்பைச் சொல்கிறேன்.

மார்ச் 15க்குள் பதில் எழுத்தில் வந்து சேர வேண்டும். வராவிட்டால், வயிற்றுப் புண்ணோடு நீ நாள்தோறும் காபி குடிக்கும் அந்தக் கடைக்குப் போன் செய்வேன். எண் கிடைத்துவிட்டது; என் ஆங்கிலமும் அதற்குப் போதும்.

உன் அப்பா,
நல்லகாமன்