சேற்றுக்கென்று தயார் செய்த வண்டி

இன்று காலை ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜீப்பின் பின் ஆக்சிலைத் திறந்தேன். கறுப்பாக விழ வேண்டிய கியர் ஆயில் டீக்கடை டீ நிறத்தில் வழிந்தது. சேற்றுத் தண்ணீரும் ஆயிலும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. வண்டியைக் கொண்டுவந்த டிரைவர் பாவம், தன்னைத்தான் முறைக்கிறேன் என்று நினைத்து, "நான் ஒண்ணும் பண்ணல பாய்" என்று நழுவப் பார்த்தார். அவரிடம் என்னவென்று சொல்வது? நான் திட்ட வேண்டிய ஆள் போன மழைக்காலத்திலேயே செத்துப் போய்விட்டான் என்றா?

உனக்கென்ன, போய்விட்டாய். எதிரில் ஆள் இல்லாமல் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நேரில் திட்டினாலும் நீ பெரிதாகப் பதில் சொன்னதில்லை என்பது வேறு விஷயம். "வுடு பாய், ஒண்ணும் ஆவாது" என்பாய். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் ஏறும்.

எழுபதுகளின் நடுவில் நீயும் நானும் சேர்ந்து ராணுவ ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்தோமே, அதில் தொடங்கிய கோபம் இது. எனக்குத் திருவண்ணாமலையில் ஒர்க்‌ஷாப். உனக்குக் கீழ்பென்னாத்தூருக்கு அப்பால், ஏரி நிரம்பி வழியும் கலங்கல் ஓடையைத் தாண்டி மானாவாரி நிலம். நீ மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, பிடுங்கி ஆய்ந்து குவிக்கும் நேரமும் மழை பிடித்துக்கொள்ளும் நேரமும் வருஷா வருஷம் ஒன்றாகவே வந்து தொலையும். மாட்டு வண்டி ஓடைச் சேற்றில் அச்சு வரை இறங்கி நிற்கும். நனைந்த மல்லாட்டை இரண்டு மூன்று நாள் கிடந்தால் ஓட்டுக்குள்ளேயே முளைத்துவிடும். வருஷம் முழுக்கப் பட்ட பாடு மாட்டுக்குத்தான் போகும். அந்த ஓடையைத் தாண்ட ஒரு வண்டி வேண்டும், அவ்வளவுதான் நீ கேட்டது.

டயரிலேயே சண்டை தொடங்கியது. சேற்றில் மிதக்க அகல டயர்தான் சரி என்று நான் நின்றேன். நீ கடப்பாரையோடு ஓடையில் இறங்கி நாலைந்து இடத்தில் குத்திக் காட்டினாய். முழங்கால் ஆழச் சேற்றுக்கு அடியில் சரளை ணங்கென்று தட்டியது. "மெதந்து இன்னா பண்றது பாய்? கீய கெட்டித் தரை கீது. சேத்த வெட்டிக்கினு எறங்கி அதுல நிக்கட்டும்" என்றாய். சரிதான். ஒல்லியான மிலிட்டரி பட்டன் டயரையே போட்டோம். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்புக்கே உன்னை இரண்டு அறை விட்டிருக்கலாம்.

மற்றபடி பெரிதாக ஒன்றும் மாற்றவில்லை. புகைக்குழாயை வளைத்து முன்கண்ணாடி உயரத்துக்குத் தூக்கினேன். தண்ணீர் தெறித்து இஞ்சின் அணையாதபடி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைச் சுற்றி கிரீஸ் அப்பினேன். ஓடைக்கு வந்ததும் ஃபேன் தண்ணீரை வாரி இஞ்சின் மேல் அடிக்காதபடி பெல்ட்டைக் கழற்று, டயரில் காற்றைக் கம்மி பண்ணு, லோ கியரைப் போட்ட பிறகு நடுவில் மாற்றாதே என்று தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்தேன். நீயும் தலையாட்டினாய்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. ஏர், மண்வெட்டி, பம்புசெட் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்பது உங்கள் வீட்டு வழக்கம். அதோடு விட்டாயா? சில்வர் பெயிண்டை வாங்கிவந்து, ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் பூசித் தள்ளினாய். நான் வந்தபோது வண்டி கல்யாண வீட்டு அண்டா மாதிரி மின்னியது.

"அடியில எதுக்குடா பெயிண்ட்டு? எவன் படுத்துப் பாக்கப் போறான்?"

"சாமி பாக்கும் பாய்."

கொடுத்த சுண்டலைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பின் ஆக்சிலின் தலையில் காற்று போய்வர ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதையும் சேர்த்து மெழுகி அடைத்திருந்தாய். ஓடிச் சூடேறிய ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். மேலே வழி இல்லையென்றால் ஓரத்து சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்; ஆயில் டீயாகிப் பேரிங்கைத் தின்றுவிடும். இதெல்லாம் பிறகு பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மல்லாட்டைக்காகத் தயார் செய்த வண்டியை மல்லாட்டை எடுக்கும் முன்பே சாமி கும்பிட்டுக் கெடுத்த ஆள் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்தன்தான்.

ஐப்பசி மழை பிடித்தது. மூட்டைகள் நிலத்தில் நனைந்துகொண்டிருந்தன. டிரெய்லரைப் பூட்டி நீ ஓட்டினாய். நான் கரையில் நின்று மூட்டை இறக்கினேன். முதல் நடையில் வண்டி சேற்றை வெட்டிக்கொண்டு போய் ஏற்றி வந்ததைப் பார்த்து உங்கள் ஊரே கத்தியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, இப்போது சொல்வதற்கென்ன. நாலைந்து நடையில் பாதிக் குவியல் வந்து சேர்ந்திருக்கும். அடுத்த நடையில் ஓடைக்கு நடுவில், முழு பாரத்தோடு, பின்னால் படாரென்று ஒரு சத்தம். வண்டி நின்றது நின்றதுதான்.

இடுப்பளவு நனைந்து உன்னிடம் வந்து கேட்டேன்.

"முன்னாடியே சத்தம் எதுனா கேட்டுச்சா?"

"ரெண்டு நடையா ஊன்னு ஊளை வுட்டுக்கினுதான் இருந்துச்சு."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ வண்டிய நிறுத்திப் பிரிச்சிப் போட்டுடுவ. மல்லாட்ட யாரு எடுத்தாறது?"

யா அல்லா! முதல் ஊளையிலேயே சொல்லியிருந்தால் ஆயிலை மாற்றி, ஓட்டையைத் திறந்து, மத்தியானத்துக்குள் வண்டியை விட்டிருப்பேன். இப்போது பேரிங் நொறுங்கி, பல் சக்கரம் உடைந்து, மிச்சக் குவியல் அந்தக் கரையிலேயே முளைத்தது. வெள்ளை வெள்ளையாக முளை நீட்டிய மல்லாட்டையைக் கையில் அள்ளிக் காட்டி, "இப்பவே மொளச்சிடுச்சி, அடுத்த வருஷம் வெதைக்கிற வேல மிச்சம்" என்று சிரித்தாய். உன் வீட்டுக்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார். நான் உன்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

பேசாமலேதான் வண்டியைச் சரி செய்தேன். அந்த ஓட்டையில் ரப்பர் குழாய் ஒன்றை மாட்டி, உன் பெயிண்ட் பிரஷ் எட்டாத உயரத்தில், சீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினேன். அடுத்த மழைக்கு மொத்த மூட்டையும் நனையாமல் ஓடை தாண்டியது. அதற்குப் பிறகு எண்பதுகளில் எத்தனை மழை! ஒரு தடவைகூட அந்த வண்டி நிற்கவில்லை. வண்டிதான் திருந்தியது, நீ திருந்தவில்லை.

போன மழைக்காலத்தில் நீ போவதற்கு முன் நான்கு மாதமாக உனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. வரப்பில் ஏறினால் மூச்சு வாங்கியிருக்கிறது. மார்கழிக்குக் கிரிவலம் போகலாம் என்று என்னிடம் டீக்கடையில் உட்கார்ந்து பேசிய அதே வாரம்கூட வலித்திருக்கிறது. உன் வீட்டுக்காரம்மா அழுதுகொண்டே சொன்னார்: "பாய்கிட்ட மட்டும் சொல்லாதன்னாருண்ணா. தெரிஞ்சா வேலூருக்கு இழுத்துக்கினு போயி ஆஸ்பத்திரில போட்டுடுவாரு, அறுப்பு வேலை கெட்டுடும்னாரு."

போட்டிருப்பேன்தான். கையைக் காலைக் கட்டியாவது போட்டிருப்பேன். இரும்புக்கு வந்த சத்தத்தை மறைத்தாய், பொறுத்துக்கொண்டேன். இதையுமா மறைப்பது? நான் என்ன, பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாதவனா?

நீ போன அன்று விடாத மழை. உங்கள் ஊர்ச் சுடுகாடும் ஓடைக்கு அந்தப் பக்கம்தான். பாடை தூக்கியவர்கள் சேற்றில் கால் வைத்ததும் வழுக்கினார்கள். நம் ஜீப்பில் கொண்டுபோவதா என்று பெரியவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். உன் அண்ணன்தான், "பாய், நீ எடு" என்றார். உன்னைப் பின்னால் ஏற்றினார்கள். நான் இறங்கி ஃபேன் பெல்ட்டைக் கழற்றினேன். டயரில் காற்றைக் கம்மி பண்ணினேன். லோ கியரைப் போட்டேன்.

வண்டி சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கி, அடியில் சரளையைப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் போனது. பின்னாலிருந்து ஒரு முனகல் இல்லை. ஓடைக்கு நடுவில் வந்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். வேண்டுமென்றேதான். நிற்கட்டும், இங்கேயே மாட்டிக்கொள்ளட்டும், இறங்கி உன்னைத் திட்ட இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கட்டும் என்று.

நிற்கவில்லை. கால் எடுத்த பிறகும் அந்தப் பாவி வண்டி தானாகவே ஊர்ந்து அந்தக் கரையில் ஏறிவிட்டது. அவ்வளவு நன்றாகச் செய்து வைத்திருக்கிறோம், நாம் இரண்டு பேரும். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.