பேரம்பலத்தை விழுத்த யோசப்பைக் கூட்டிப்போன கிழமை

யூன் 14, சனி

விடியலிலிருந்து மழை. குளிர். ஸ்பிரிங்வேல் மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் சதுரங்க நாள். எஞ்சினியர் பேரம்பலத்தோடு ஆடினேன். பதினான்காவது நகர்த்தலில் தோல்வி. (சரியாகச் சொன்னால் பதினொன்று. குறிப்பேடு என்னுடையது, பதினான்காகவே இருக்கட்டும்.) தோற்றது பரவாயில்லை. எழும்பும்போது அவன் சொன்னதுதான் நெஞ்சில் நிற்கிறது.

"அரியம், எட்டாம் வகுப்போட நிண்ட ஆக்களுக்குத் தாயக்கட்டை இருக்கு. இது படிச்ச ஆக்களின்ர விளையாட்டு."

சுற்றி நின்ற இருபது பேரும் சிரிப்பு. என் சகலனுக்குத் தேத்தண்ணி புரைக்கேறும் அளவுக்கு. ஒவ்வொருவர் பெயரும் மனதில் எழுதியாயிற்று.

நாளை வாங்க: பால், செத்தல் மிளகாய், பேரம்பலத்தின் மானம்.

யூன் 16, திங்கள்

மல்கிரேவ், நான் வேலை செய்யும் பெட்டித் தொழிற்சாலை. முழங்கால் வலி. மத்தியானச் சாப்பாட்டு நேரம் யோசப்பைப் பார்த்தேன். சாம்பியாக்காரன். மூன்று வருடமாக எனக்குப் பக்கத்து மெசின். வியட்நாம்காரன் ஒருவனோடு செஸ். யோசப் பலகையைப் பார்க்கவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு தோடம்பழம் உரித்தபடி வாயாலேயே காய் நகர்த்தினான். பழம் முடிய வியட்நாம்காரனும் முடிந்தான்.

இவன்தான் என் பீரங்கி.

யூன் 18, புதன்

பேரம்பலத்துக்குப் போன்.

"ஒரு ஆளைக் கொண்டு வாறன். சனிக்கிழமை மோதிப் பாரும்."

"ஆர், நீர் சொல்லுற அந்தக் கறுவலோ?" சிரிக்கிறான். "அவங்கள் ஓடுவாங்கள், பாடுவாங்கள். செஸ்ஸுக்கு மூளை வேணும் ஐசே."

"ஆபிரிக்காவின்ர சாம்பியன் ஐசே அவர்! ரஷ்யாக்காரரே அவரைக் கண்டா மேசை மாறி இருப்பினம்."

அந்த நிமிடத்தில் வாயில் வந்தது. நன்றாகவே வந்தது.

பந்தயம்: யோசப் வென்றால் பேரம்பலம் மைக்கில் மன்னிப்புக் கேட்க வேண்டும், சிரித்தவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால். தோற்றால் நான் இனிச் சங்கத்தில் காய் தொடுவதில்லை. மைக் வேலை செய்கிறதா என்று செயலாளரிடம் இரண்டு தரம் கேட்டேன்.

யூன் 19, வியாழன்

லீவு. நாள் முழுக்க யூடியூப். கறுப்பர்களின் சதுரங்கக் கதை. அமெரிக்காவில் கிளப்காரர் கதவு திறக்கவில்லை. பார்க்கில் ஆடினார்கள், தலைமயிர் வெட்டும் கடையில் ஆடினார்கள், மறியல் கம்பிகளுக்குள்ளும் ஆடினார்கள். அவர்களுக்குள்ளிருந்து கிராண்ட்மாஸ்டர் வந்தார்கள். பெண்களிலும் மாஸ்டர். எத்தனையாம் வகுப்பு என்று பலகை ஒருவரையும் கேட்கவில்லை. பேரம்பலத்துக்கு வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை. பயம் பிடித்துவிட்டது.

யூன் 20, வெள்ளி

முதல் தடவையாக யோசப்பின் மேசையில் சாப்பிட்டேன். அவனுக்கே ஆச்சரியம். கணவாய்க் கறி கொடுத்தேன், உறைப்பில் கண் கலங்கியும் முழுவதும் தின்றான். கதை சொன்னான். அவன் தகப்பன் செம்புச் சுரங்க ஊரில் வெள்ளைக்காரர் கிளப்பைக் கூட்டித் துடைத்தவர். துடைத்தபடியே ஆட்டத்தைப் பார்த்துப் பழகினார். வீட்டில் சுரங்கத்து நட்டு, போல்ட்டைக் காயாக வைத்து மகனுக்குப் பழக்கினார். மகன் பிறகு நாட்டுக்காகவே ஆடினான், மூன்று நாடுகளில். ரஷ்யாக்காரன் ஒருவனையும் வென்றானாம்.

என் பொய்யில் பாதி உண்மை! கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சனிக்கிழமை ஆட மாட்டேன் என்றான், வீட்டு வேலையாம். அதனால் பேரம்பலம் சொன்னதைச் சொன்னேன். ஓடுவாங்கள், பாடுவாங்கள், மூளை வேணும். 'கறுவல்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். யோசப் கரண்டியைக் கீழே வைத்தான்.

"எத்தனை மணிக்கு?"

யூன் 21, சனி

இருபத்தெட்டு நகர்த்தல்! பேரம்பலத்தின் ராணி தன் காலாட்களுக்கு நடுவிலேயே மாட்டுப்பட்டுச் செத்தது. அவன் வியர்வை மூக்கால் வழிந்து பலகையில். என் சகலனுக்கு இன்றைக்குத் தேத்தண்ணி இறங்கவே இல்லை. "மைக்! மைக்!" என்று நானே கொண்டுபோய்ப் பேரம்பலத்தின் கையில் திணித்தேன்.

பேரம்பலம் எழும்பினான். யோசப்பைப் பார்த்து இங்கிலிசில், நிறுத்தி நிறுத்தி:

"உங்களிட்ட மன்னிப்புக் கேக்கிறன். உங்களைக் கறுவல் எண்டு சொன்னனான். எங்கட ஆக்கள் கறுப்பு ஆக்களை, அவை இல்லாத இடத்தில மட்டும் சொல்லுற சொல்லு. அந்தச் சொல்லோட உங்களை எனக்குத் தந்தது உங்கட கூட்டாளி அரியம்தான். மூண்டு வரியமா 'எங்கட பக்டரிக் கறுவல்' எண்டு, சங்கத்தில ஒரே பகிடி."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். என் மனைவி கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எனக்கென்று ஒரு மன்னிப்பும் அந்த மைக்கில் வரவில்லை.

காரில் யோசப் ஒரே ஒரு கேள்வி. "உண்மையோ?"

பத்து பதில் தயாராக இருந்தது. எல்லாம் நல்ல பதில். வாயில் வந்தது "ஓம்" மட்டும்.

யூன் 23, திங்கள்

பன்னிரண்டு மணிக்கு யோசப் பலகையோடு வந்து என் முன்னால் இருந்தான். ஒன்பது நகர்த்தலில் என் கதை முடிந்தது. திரும்ப அடுக்கினான். ஏழு. வேலைக்காரர் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள், போர்மன் உட்பட.

யூன் 24, செவ்வாய்

முழங்கால் வலி என்று இடம் மாறி இருந்தேன். தேடி வந்தான். இன்றைக்கு ராஜாவைப் பிடிக்க அவசரமே இல்லை. ஒவ்வொரு காலாளாகத் தின்று தன் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தான். குதிரை போயிற்று. ராணி போயிற்று. என்னிடம் ராஜா மட்டும், தனியாக. போதும், தோற்றேன் என்று ராஜாவைச் சரித்தேன்.

யோசப் அதை நிமிர்த்தி வைத்தான்.

"உன்ர முறை."