வரி குறைந்த வருஷம்

சாலைக் கடைத்தெரு, திருவனந்தபுரம்

அன்பு மகன் ஷாஜிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். டாலஸில் நீயும் மருமகள் ரெஷ்மாவும் சுகம் என்று வழக்கம்போல நானாக எழுதிக்கொள்ள இந்தத் தடவை மனம் வரவில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது, கடை திறக்க அவரே போகிறார். சித்தி மகன் சிபிக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, உன்னைத் திரும்பி வரச் சொல்வதற்காக இதை எழுதவில்லை, சேதி என்பதால் எழுதுகிறேன். போன வாரம் நீ அப்பாவிடம், இந்த வருஷம் வரி குறைவாக வரும், அதனால் ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் ராத் கணக்குக்கு மாற்றப் போகிறேன் என்று பெருமையாகச் சொன்னாய். அது என்ன கணக்கு என்று நான் கேட்டதற்கு, "அது உனக்கு வெளங்காதும்மா" என்றாய். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள், உண்மைதான். ஆனால் இந்த இரும்புக்கடையின் வரிக்கணக்கைப் பார்ப்பது உன் அப்பா அல்ல, நான். உன் சொல் உறைத்தது. அதனால் வெளங்கிக்கொள்ள உட்கார்ந்தேன். யூடியூபில் தமிழிலும் மலையாளத்திலும் கேட்டேன், சந்தேகத்தை ஆடிட்டர் ஆபீஸ் ஆர்யாவிடம் தீர்த்துக்கொண்டேன். உன் பழைய கணக்கில் இருப்பது இன்னும் வரி கட்டாத பணம். ராத்துக்கு மாற்றினால் மாற்றுகிற தொகை அந்த வருஷ வருமானத்தோடு சேரும், அப்போதே வரி கட்ட வேண்டும், வயதான பிறகு எடுக்கும்போது வரி கிடையாது. இதில் எனக்கு வெளங்காதது என்ன இருக்கிறது? "சம்பளம் குறைஞ்ச வருஷம் மாத்தினாத்தான் ஆன்ட்டி லாபம், கேட்டோ" என்று ஆர்யா தன் மலையாளத் தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்குள் தண்ணீர் புகுந்து சரக்கெல்லாம் துருப்பிடித்த வருஷம் நமக்கும் வரி குறைந்தது. அதை யாரிடமும் போய் அப்பா பெருமையாகச் சொல்லவில்லை.

இப்போது நான் கேட்கிறேன், உன் சம்பளம் ஏன் குறைந்தது? இங்கே நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது உனக்கு ஆபீஸ் நேரம், நீயோ பனியனோடு வீட்டிலிருந்து வீடியோவில் பேசுகிறாய். லீவு என்றாய், ஒரு மாதமாக என்ன லீவு? அப்பாவிடம் கேட்டால், "அவனுக்க சோலியெல்லாம் நல்லாத்தான் போவுது, நீ சும்மா கெட" என்கிறார். என் சந்தேகத்தை அவரிடம் சொல்லவில்லை. போனில் கேட்டால் நீ சிரித்து மழுப்புவாய், அதனால்தான் தபால்.

வேலை போயிருந்தால் அவசரப்பட்டு மாற்றாதே. மாற்றியதைத் திரும்பப் பழைய கணக்கில் போட முடியாதாம். வரியைச் சேமிப்பிலிருந்தே பிடிக்கச் சொன்னால் அறுபதை எட்டாத உன் வயதுக்கு அபராதமும் சேரும், கைப்பணத்தில் கட்டினால் அதுதான் உன் வீட்டு வாடகைக்கான பணம். டிசம்பர் கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறது. அதற்குள் வேலை கிடைக்கிறதா பார், இல்லையென்றால் கொஞ்சம் மட்டும் மாற்று. முதுமையைப் பற்றி முதுமையில் கவலைப்படலாம், முதலில் இந்த வருஷத்தைத் தாண்டு. எங்களுக்கு மாதாமாதம் அனுப்புவதை நிறுத்து, அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், அதில் பேச்சே இல்லை.

வேலை போனதில் எனக்கு வருத்தம் இல்லை, ஷாஜி மக்களே. வரியைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது, இதைச் சொல்ல வரவில்லையே, அதுதான் வருத்தம். என் கணக்கு தப்பு என்றால் தப்பு என்று ஒரு வரி எழுது. யாரிடமும் தப்பை ஒத்துக்கொள்கிறவள் அல்ல நான், இதில் மட்டும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ரெஷ்மாவிடமாவது மறைக்காமல் இரு. பதிலை அப்பா பெயருக்கு அல்ல, என் பெயருக்கு எழுது.

உன் அம்மா,
தங்கபாய்