மாப்பிள்ளைக்குப் பார்த்த கார்

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர. அது கெட்டதற்கு நீங்கள்தான் காரணம். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் போனைக் கையில் எடுத்தாலே உங்கள் மனைவி, "அவராப்பா? குடுங்க" என்று பிடுங்கிக்கொள்கிறாள். நீங்களோ அவளுக்குத் தெரியவே கூடாது என்று கண்டிஷன் போட்டுவிட்டீர்கள். என் விரல் இருக்கும் தடிமனுக்கு அந்தக் குட்டி எழுத்துகளைத் தட்டவும் வராது. அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

நீங்கள் சொன்ன அந்தக் கூரையில்லாத சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நேற்றுப் போய்ப் பார்த்தேன். விற்கிறவர் பல் டாக்டர். எட்டு வருஷமாக வைத்திருக்கிறாராம். ஞாயிறு தவறாமல் மனைவியை உட்காரவைத்து ஒரு சுற்றுப் போய்வருவாராம். நல்ல மனிதர். நான் காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்ததைப் பார்த்துவிட்டு, "நானும் தினம் இதைத்தான் சார் பண்றேன், படுக்கிற ஆள்தான் வேற" என்றார். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் இருபத்தொரு விஷயம் இருந்தது. என் பெண்ணைக் கேட்டு வந்தபோது நீங்கள் இத்தனை விசாரிக்கவில்லை. போகட்டும். வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. விற்கிறவர்கள் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்தால் எஞ்சினின் கோளாறு தெரியாது. இவர் அப்படிச் செய்யவில்லை. சாவியைத் திருப்பினேன், இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது, நீலப் புகை இல்லை. ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி எதுவும் ஒட்டியிருக்கவில்லை, அதாவது ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. காந்தத்தைத் துணியில் சுற்றி வண்டியின் உடம்பு முழுக்க வைத்துப் பார்த்தேன். பட்டி பூசி மறைத்த இடம் என்றால் ஒட்டாது. பின்சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை அளவு மட்டும் ஒட்டவில்லை. இந்த வயசு வண்டிக்கு அது ஒன்றுமே இல்லை.

கதவு இடுக்கைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்த மாதிரி ஒரே அளவு. எப்போதோ வேலை நடந்திருக்கிறது, ஆனால் செய்தவன் கை தேர்ந்தவன். டிங்கரிங் பட்டறையிலேயே ஆயுசைக் கழித்த நான் சொல்கிறேன், நம்பலாம்.

பாக்கி இருப்பது தரைவிரிப்பைத் தூக்கிப் பார்ப்பதும், ஜாக்கி போட்டு அடிப்பாகத்தைச் சுரண்டிப் பார்ப்பதும்தான். வியாழக்கிழமை போகிறேன். அதுவரை அட்வான்ஸ் எதுவும் அனுப்பிவைக்காதீர்கள். இரண்டே இரண்டு சீட்டு. ஒன்றில் நீங்கள், இன்னொன்றில் என் பெண். நான் பார்க்காமல் முடிக்கக் கூடாது.

அன்புடன்,
மாமா

வியாழக்கிழமை

மாப்பிள்ளைக்கு,

கார் வேண்டாம்.

இதோடு நிறுத்திவிடத்தான் பேனாவை எடுத்தேன். நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன். நடுவில் ஜாக்கி போட்டு ஒரு பக்கம் தூக்கினேன். திறந்த கதவைச் சாத்தப் போனால் சாத்த முடியவில்லை, விரல்கடை அளவு தூக்கிக்கொண்டு நிற்கிறது. வண்டி நடுவில் வளைகிறது என்று அர்த்தம். விரிப்பைக் கிளப்பினேன். சீட்டுக்கு முன்னால் தரையின் குறுக்கே, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை, பெயிண்டுக்கு அடியில் ஒரு கோடு. கீழே போய்க் கறுப்புப் பூச்சை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன். அங்கேயும் அதே கோடு.

அது ஒரு கார் இல்லை, மாப்பிள்ளை. முன்பக்கம் அடிபட்ட ஒன்றும் பின்பக்கம் அடிபட்ட ஒன்றும் நடுவில் அறுத்து ஒட்டப்பட்டிருக்கின்றன. பேப்பரில் இருக்கும் சேசிஸ் நம்பர் முன்பாதியில் சரியாக இருக்கிறது. பின்பாதி யாருடையதோ. தெருவில் உருட்டிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் ஆகாது. வேகத்தில் ஒரு பள்ளமோ பக்கவாட்டில் ஒரு இடியோ வந்தால் எந்த இடத்தில் பிரியும் என்று எனக்குத் தெரியும்.

டாக்டரிடம் பிறகு சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கை கழுவிக்கொண்டே இருந்தேன், கறுப்பு போகவில்லை. உங்கள் மனைவி, "எங்கப்பா போய் இப்படி உருண்டுட்டு வரீங்க" என்று கேட்டாள். பழைய நண்பன் வண்டி என்றேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. உட்காரவும் பிடிக்கவில்லை, வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். வேறு வண்டி பார்ப்போம்.

மாமா

புதன்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் பதில் நேற்று கிடைத்தது. "நல்ல வெல்டர் கையில் கொடுத்தால் சரியாகிவிடும்தானே, நீங்களே திரும்பப் பற்றவைத்துக் கொடுங்கள் மாமா, உங்கள் கையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு அரைநாள் நான் ஆளாகவே இல்லை.

நேராகச் சொல்லிவிடுகிறேன். அதை ஒட்டியவன் நான்தான்.

இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அப்போது வண்டி வெள்ளை நிறம். சிவப்பில் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. கதவு இடுக்கை மெச்சி எழுதினேனே, என்னையே மெச்சிக்கொண்டிருக்கிறேன். மேல்பக்கம் தேய்த்துச் சமமாக்கிவிட்டேன். அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அப்படியே விட்டிருந்தேன். நான் இடதுகைக்காரன், பற்றவைத்த கோட்டில் விழுகிற அலை அலையான தடம் என் வேலையில் மட்டும் எதிர்ப்பக்கமாகச் சாயும். முடிக்கும் இடத்தில் குழி விழாமல் இருக்கக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து நிறுத்துவேன். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை அது. டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்ததும் என் கையெழுத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

பட்டறை முதலாளி கட்டாயப்படுத்தினார் என்று எழுதிவிடலாம், அவர் இப்போது இல்லை, மறுக்கமாட்டார். உண்மை அது இல்லை. "இத வேற எவனாலயும் தெரியாத மாதிரி பண்ண முடியாதுப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கிவிட்டேன். நாலு நாள் வேலை. முடிந்ததும் பட்டறையில் எல்லோரும் சுற்றி நின்று ஒட்டு எங்கே என்று தேடினார்கள். கண்டுபிடிக்க முடியவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அது ரோட்டில் ஓடும், அதில் ஆள் உட்காருவார்கள் என்பதெல்லாம் புத்திக்கு எட்டவே இல்லை. எட்டவிடவில்லை என்பதுதான் சரி.

விலகிக்கொண்டால் போதும் என்று நாலு நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை டாக்டரே கூப்பிட்டு, உங்களுக்கு வேண்டாம் என்றால் வேறொருவர் கேட்கிறார், மறுநாள் வருகிறார் என்றார். உடனே கிளம்பிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். அதையும் சொன்னேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எட்டு வருஷமா என் பொண்டாட்டிய இதுல உக்கார வெச்சு ஓட்டியிருக்கேன்" என்றார். அதையே இரண்டு தடவை சொன்னார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைசியில், யாரும் ஓட்டாதபடி இப்போதே ஏதாவது செய்யுங்கள் என்றார். நாலு சக்கரத்தையும் கழற்றிக் கட்டைமேல் நிறுத்திவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அதை நானே அறுத்துப்போட ஒத்துக்கொண்டார். அவருக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவேன், அது எங்களுக்குள்.

உங்கள் மனைவிக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகக் கிளம்பிவிட்டாள், வேறு வழியில்லாமல் சொன்னேன். உங்கள் ரகசியமும் அதோடு போயிற்று, மன்னித்துவிடுங்கள். என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "இது ஒண்ணுதானாப்பா?"

ஆமாம் என்றேன்.

அது பொய், மாப்பிள்ளை. மூன்று செய்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. உங்களிடம் எழுதுகிறேன், நீங்கள் அவளிடம் சொன்னாலும் குறை நினைக்க மாட்டேன்.

ஒன்று இதே மாடல், அப்போது மஞ்சள். இன்னொன்று கூரை வைத்தது, கருநீலம். இப்போது என்ன நிறமோ, எந்த ஊரோ. நசுக்கிப் போட்டிருந்தால் நல்லது. உங்களைப் போன்ற கார்ப் பைத்தியங்களைப் பார்த்தால் நன்றாகத் துடைத்து, பத்திரமாக வைத்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. பழைய கார்க்காரர்கள் எல்லோரையும் உங்களுக்குத் தெரியும். எந்நேரமும் கார் விளம்பரம் பார்க்கிறீர்கள் என்று அவள் உங்களைத் திட்டும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கிறேன். இனி விடாமல் பாருங்கள். சீட்டுக்கு முன்னால் விரிப்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் ஒட்டின் அலை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் எந்த ஊராக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள், நான் கிளம்பி வருகிறேன்.

நீங்களும் அவளும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். அந்த இரண்டு காரையும் வைத்திருப்பவர்கள், நான் போய்ப் பார்க்கும்வரை மெதுவாக ஓட்ட வேண்டும்.

உங்கள்
மாமா