செலின் வைத்த குறிகள்

செவ்வாய்க்கிழமை, இரவு

இறந்துபோன என் மகள் செலின் கம்ப்யூட்டரில் எழுதி வைத்ததை நெட்டில் பக்கமாகப் போட, அவள் தோழி மும்தாஜ் பொன்மலையிலிருந்து வந்தாள். அதைப் பக்கமாக மாற்றக் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டினாள். பக்கம் வந்தது. ஒரு வார்த்தைகூடத் தடித்த எழுத்தில் இல்லை.

“ஆன்ட்டி, இதுல நட்சத்திரக் குறியெல்லாம் இருந்துச்சே, எங்க?”

“குப்பையா கெடந்துச்சும்மா. நேத்து உக்காந்து ஒண்ணொண்ணா அழிச்சேன்.”

“வீடு கூட்டுற மாதிரி கூட்டிட்டீங்களே. எந்த வார்த்தை தடிமனா வரணும்னு அவ வச்ச அடையாளம் அது.”

வேறு பிரதி இல்லையாம். நான் சொன்னால் மறுபடி வைத்துத் தருவாளாம். நான் எதைச் சொல்ல?

என்னைப் பற்றி எழுதிய வரியிலும் ஒரு வார்த்தைக்கு இரு பக்கமும் நட்சத்திரம் இருந்தது. எந்த வார்த்தை என்று படுத்தும் எழுந்தும் யோசிக்கிறேன். அதில் மொத்தமே ஏழு வார்த்தைதான்.