கால்வாய்க்கரையில் எனக்கு வீடில்லை

ரொறன்ரோ
14.11.1988

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. நான் அனுப்பிய படத்தில் என் பின்னால் தெரிகிற வீட்டில் எந்த யன்னல் என்னுடையது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கல்யாணம் பேசுகிற தவமலரின் வீட்டாரிடமும் அது என் வீடு என்று கனகசிங்கம் மாமா சொல்லிவிட்டாராம். அம்மா, அது கனடாவே இல்லை. கோடையில் பெல்ஜியத்துக்கு அக்காவிடம் போனபோது, புரூஜ் என்ற பழைய நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கால்வாய் வளைகிற மூலையில் நிறுத்தி, "இதில நில்லு தம்பி, வாற சனமெல்லாம் இதிலதான் படம் எடுக்கிறது" என்றாள். எங்களுக்குப் பின்னால் நாற்பது பேர் காத்து நின்றார்கள். அத்தனை பேருக்கும் அது சொந்த வீடா?

எங்கள் மட்டக்களப்பில் வீடு கொடுப்பது பெண் வீட்டார். மாப்பிள்ளை வீட்டைக் காட்டிப் பெண் கேட்கும் வழக்கத்தை மாமா எங்கிருந்து கொண்டுவந்தார்?

நான் இருப்பது நிலத்துக்குக் கீழே, ஒரு பேஸ்மென்றில். நான்கு பேருக்கு ஒரு யன்னல். தெருவில் போகிறவர்களின் காலில் இருக்கிற சப்பாத்து மட்டும் தெரியும். மாமா தன் வாயாலேயே இதைத் தவமலரிடம் சொல்லவேண்டும். கேட்ட பிறகும் அவளுக்குச் சம்மதமென்றால் எழுதுங்கள்.

வேலைக்கு நேரமாகிறது. நீங்களும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஸ்ரூடியோவில் வேண்டாம், எங்கள் வீட்டுக்கு முன்னால் நில்லுங்கள். அதில் எந்த யன்னல் என்னுடையது என்று எனக்குத் தெரியும்.

மகன்
பாக்கியராசா