வேண்டாம் என்று தூக்கிய கை

பிப்ரவரி 9, ஞாயிறு

தண்ணீர்க் குழாய் மறுபடி உறைந்துவிட்டது. அப்பா நாங்கள் குடியிருக்கும் கேரவனுக்கு அடியில் படுத்துக்கொண்டு சூடு காட்டினார். நான் விளக்குப் பிடித்தேன். வீட்டுக்கு அடித்தளம் மட்டும்தான் போட்டிருக்கிறோம். அதுவும் பனிக்கு அடியில். ஒஹையோவில் இருந்த வாடகை வீட்டைவிட இந்தத் தகரப் பெட்டிதான் எனக்குப் பிடிக்கிறது. சொந்த நிலம்.

பிப்ரவரி 13

ஊர் வாக்காளர்கள் கூடி முடிவெடுக்கும் மார்ச் ஊர்க்கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வரும் தீர்மானங்களைத் தபால் நிலையத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று: மூன்று மாதத்துக்கு மேல் யாரும் கேரவனில் குடியிருக்கக் கூடாது. கொண்டுவந்தவர் பர்ட்டன் ஏம்ஸ், ஏரிக்கரைப் பெரிய வீட்டுக்காரர். யாரை எதிர்த்து என்று பெயர் போடவில்லை. போடவேண்டியதும் இல்லை. இந்த ஊரில் கேரவனில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

நிறைவேறினால்? நிலம் எங்களுடையது, ஆனால் அதில் தூங்கக் கூடாது. பக்கத்து நகரமான மான்செஸ்டரில் வாடகைக்குப் போனால் வீடு கட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான்.

பிப்ரவரி 14

அப்பா ஓட்டுப் போடுவதில்லை. பெயரே பதிந்துகொள்ளவில்லை. எனக்கோ இன்னும் ஓட்டு வயது ஆகவில்லை. அரசு தலையிடக் கூடாது என்று அப்பாவைப் போல நியூ ஹாம்ப்ஷையருக்குக் குடிவந்த லிபர்டேரியன்களில் பலர் தேர்தலிலேயே நிற்கிறார்கள். அப்பா அந்தப் பக்கமே போகமாட்டார். அவர் கொள்கை இதுதான்: ஒருவன் உடம்பும் உழைப்பும் நிலமும் அவனுடையவை. அவன் யாரையும் அடிக்காதவரை, ஏமாற்றாதவரை அவனைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. "தனியா செஞ்சா தப்பு, நூறு பேர் சேர்ந்து கை தூக்கினா சட்டமாம்மா?" என்பார்.

இதைப் பேசுவது எளிது. அப்பா அப்படியே வாழ்கிறார். நான் பள்ளியை விடுகிறேன் என்றபோது ஒரு வாரம் வாதாடினார், கத்தினார். கடைசியில், "தப்புன்னுதான் நினைக்கிறேன். ஆனா வாழ்க்கை உன்னோடது" என்றார். வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே வியர்த்துப்போகிறவள் நான். அப்படி என்னை நம்பியவர் வேறு யாரும் இல்லை.

பிப்ரவரி 23

பக்கத்து நிலத்து லோரெய்ன் அம்மா வேலிக்கு வந்தார். ஊருக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டுபவர்.

"கார்த்! உன் ஜெனரேட்டர் சத்தத்துல என் நாய்க்குப் பைத்தியம் பிடிக்குது."

"போன வருஷமே அது அப்படித்தானே இருந்துச்சு?" என்றார் அப்பா.

"பேசு, பேசு. கூட்டம் வரட்டும், பாத்துக்கறேன்."

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 4

வானொலியில் வீட்டுப் பஞ்சம் பற்றிப் பேச்சு. வாடகைக்கு உச்சவரம்பு வை என்றார் ஒருவர். அரசே கட்டட்டும் என்றார் இன்னொருவர். "கட்டறவன் கையைக் கட்டிப்போட்டுட்டு வீடு இல்லையேன்னு அழறாங்க" என்றார் அப்பா. சரிதான் — ஆனால் சரியாகச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால்?

மார்ச் 11, செவ்வாய்

இன்று கூட்டம். ஓட்டில்லாதவர்களுக்குக் கடைசியில் கயிறு கட்டிய பெஞ்சு, பேசவும் கூடாது. அங்கே நாங்கள் இருவர் மட்டும். வாசலில் பெயர் பதியும் மேசை இன்னும் திறந்திருந்தது. அப்பா பெயர் பதியத் தேவையான சான்றிதழ்களை அவரிடம் சொல்லாமல் என் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுபோயிருந்தேன்.

"அப்பா, போய்ப் பதிஞ்சுக்கங்க."

"ஓட்டுப் போடறது அடுத்தவன் கழுத்துல கை வைக்கிறதும்மா. தெரியுமில்ல?"

"வேண்டாம்னு தூக்கற கை யார் கழுத்துலப்பா இருக்கு?"

சான்றிதழ்களை வெளியே எடுத்தேன். அப்பா கையை நீட்டினார். திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் ஓட்டு அட்டை. முகம் பல் பிடுங்கியவர் போல. கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

ஏம்ஸ் பேசினார்: "யாரையும் விரட்டறதுக்கு இல்லைங்க. எல்லாம் பாதுகாப்புக்குத்தான்."

லோரெய்ன் அம்மா எழுந்தார். வேலியில் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அந்த ஜெனரேட்டரை எனக்கு அறவே பிடிக்காது. கார்த்தையும் அப்படித்தான்." எல்லாரும் சிரித்தார்கள். "ஆனா அவன் என் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு ஆணிகூட அடிக்கலை. அவனைத் திட்டணும்னா நானே திட்டிக்குவேன், அதுக்கு ஊர் எதுக்கு? இன்னைக்கு அவன் கேரவன். நாளைக்கு என் லாரி வாசல்ல நிக்கக் கூடாதுன்னு வருவீங்களே பர்ட்டன்!"

அட்டைகள் எழுந்தன. தீர்மானம் தோற்றது — நல்ல வித்தியாசத்தில். அப்பாவின் கை இல்லாவிட்டாலும் தோற்றிருக்கும்.

"வீணா கொள்கையை விட்டுட்டேன் போல" என்றார் வண்டியில்.

"வருத்தமாப்பா?"

"கொஞ்சம்." வண்டியைத் திருப்பிக்கொண்டே, "நீ கூட்டத்துல கேட்டதுக்கு இன்னும் பதில் கிடைக்கலை" என்றார்.

மகளிடம் அப்படிச் சொல்ல எத்தனை அப்பாக்களால் முடியும்?

மார்ச் 12

ஓட்டே போடாத அப்பாவின் நண்பர் ஒருவர் போன் பண்ணி, "என்ன கார்த், அடுத்தது மேயரா?" என்று கேட்டாராம். அப்பா நாள் முழுக்க மரம் அறுத்தார்.

ஏப்ரல் 26, சனி

முதல் சுவர் எழுந்தது. லோரெய்ன் அம்மா சுத்தியலோடு வந்துவிட்டார், யாரும் கூப்பிடவில்லை. சாலைகளை ஊர் போடுவதா, தனியார் போடுவதா என்று இருவருக்கும் நாள் முழுக்கச் சண்டை.

"பனி தள்ளறது நான்டா! எனக்குத் தெரியாதா?"

"தள்ளுங்க. ஆனா அதுக்கு என்கிட்ட ஏன் வரி பிடுங்கறீங்க?"

திடீரென்று லோரெய்ன் அம்மா என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடி" என்றார்.

சாலை ஊருடையதாகவே இருக்கட்டும் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, முழுதும் கேட்டார்.

"தப்பு" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "சரி, வா, வாதாடு."